நெருப்புப் படாத மிட்டாய்

அடுப்படிக்குள் அவள் கால் வைக்கக் கூடாது என்று நாத்தனார் சொன்னது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றைக்கு. அதிகாரமாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னாள். "நீ பட்டது போதும்டி. இனிமே நெருப்புப் பக்கமே வராத. நான் இருக்கேன்ல?" என்று சொல்லிக்கொண்டே, கொண்டு வந்திருந்த பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பெட்டி உள்ளே போன விதத்திலேயே தெரிந்துவிட்டது, அது இப்போதைக்கு வெளியே வராது என்று.

அதிலிருந்து சமையல், துணி, வாசல், வரவு செலவு எல்லாம் நாத்தனார் கையில். புருஷனை இழந்து தனியாக இருந்தவளுக்குத் தம்பி வீட்டில் ஒரு பெரிய வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவாள். "எனக்கு இடது கை நல்லாத்தான் இருக்கு அண்ணி, ஒரு ஸ்பூன் குடுங்க" என்றால், "அதையும் ஏன் சிரமப்படுத்தற?" என்பாள். தலை வாரிவிட்டால் இழுக்கிற இழுப்பில் புருவம் மேலே ஏறிக்கொள்ளும். நாள் முழுக்க எதையோ பார்த்து ஆச்சரியப்படுகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற பெரிய கூடம் அது. தேய்க்கிறது என்றால் கையில் பிடிக்கிற இஸ்திரிப் பெட்டி இல்லை. ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அதைவிட நீளமான இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடும், வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து, ஒரே உதறில் சுருக்கத்தை எடுத்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் மொடமொடவென்று வந்து விழுவதை இன்னொருத்தி மடிப்பாள். இவள் கொடுக்கிற வேகத்துக்கு மடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசியில் ஒருத்திதான் நிலைத்தாள். உருளைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் மடிப்புக்காரி. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாது, ஆவிக்கு நடுவில் குரல் மட்டும் போய் வரும். அப்படியே வருஷக்கணக்கில் குடும்பக் கதை முழுவதும் பேசித் தீர்த்திருந்தார்கள்.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு காலை, விரிப்போடு சேர்ந்து அவள் வலது கையும் உருளைக்குள் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஈரத்துணி கருகுகிற வாசனை, மடிப்புக்காரியின் அலறல், அப்புறம் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரை. விரல்களில் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் தப்பின. மற்ற மூன்றும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி அப்படியே நின்றுவிட்டன. மேல்தோல் ஆறிப்போன பாலின் ஆடை மாதிரி சுருங்கிப் பளபளத்தது. யாராவது வந்தால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வாள். போகப் போக யாரும் வராதபோதும் துண்டு அங்கேயே கிடந்தது.

கையைவிட அதிகமாக அவளை அரித்தது வேறொன்று. உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் போதும், மெஷின் நின்றுவிடும். ஆனால் அந்தக் கம்பிக்கு விரலும் ஒன்று, தடித்த விரிப்பும் ஒன்று. எது பட்டாலும் நிற்கும். வேலை மிதமிஞ்சிய நாட்களில் முதலாளி சொல்லி, கம்பியை மேலே தூக்கி ஒரு துணிப்பட்டையால் கட்டிவைப்பார்கள். அன்றைக்குக் காலையில் அது கட்டியிருந்ததாகத்தான் அவளுக்கு ஒரு நினைப்பு. ஆனால் அரசாங்க ஆபீஸிலிருந்து ஆள் வந்து விசாரித்தபோது கம்பி ஒழுங்காக இருந்ததாம். கவனக்குறைவு என்று முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் புருஷன் அதே சலவைக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அதையேதான் சொன்னார்: "கம்பி நல்லாத்தான் இருந்துச்சும்மா. நீதான் ஏதோ நெனப்புல அசந்துட்ட. விடு, நடந்தது நடந்துபோச்சு."

அவர் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் தப்பு நம்முடையதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். என்ன நினைப்பில் அசந்தோம், அப்போது யாரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று யோசித்து யோசித்துப் பகல்கள் போயின. குக்கர் விசில் அடித்தால் எழுந்து வாசலுக்கு ஓடினாள். உன் கையை நீயே கொண்டுபோய்க் கொடுத்தாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வருஷக் கடைசி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிப்புக்காரி பார்க்க வந்தாள். நாத்தனார் டீ கொடுத்துவிட்டு அடுப்படியில் காய் நறுக்கப் போனாள்.

"விரிப்பு மலை மாதிரி குவிஞ்சு கெடக்குதுக்கா," என்றாள் மடிப்புக்காரி. "ஓட்டல் எல்லாம் ரொம்பி வழியுது. உங்க எடத்துல ஒரு புதுப் பொண்ணைப் போட்டிருக்காங்க. பாவம், உதறவே தெரியல. ஒவ்வொரு விரிப்பும் தண்ணியில விழுந்த பூனை மாதிரி வருது."

"கத்துக்குவா. மொத மாசம் நானும் அப்படித்தான்."

"கத்துக்குவா. அது வரைக்கும் கை இருக்கணுமே."

"என்ன சொல்ற?"

மடிப்புக்காரி டீயைக் கீழே வைத்தாள். "கம்பியை மறுபடியும் கட்டியாச்சுக்கா. அதே மாதிரி. அன்னிக்குக் கட்டியிருந்த மாதிரியே."

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது.

"அன்னிக்குக் கட்டியிருந்துச்சா?" என்று கேட்டாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கேட்டாள்.

மடிப்புக்காரி திருதிருவென்று விழித்தாள். "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? உங்களை வண்டியில ஏத்தின கையோட முதலாளி அவுக்கச் சொன்னாரு. ஆபீஸ்காரர் வந்தப்ப எங்களை எல்லாம் பின்பக்கம் அனுப்பிட்டாங்க. உங்க வீட்டுக்காரரைத்தான் கேட்டாரு. அவரு, கம்பி சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் சொல்றீங்கன்னு நாங்க நெனச்சோம். உங்களுக்குத் தெரியாதா?"

அவள் கைமேல் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்களையும் கேட்டிருந்தா சொல்லியிருப்போமான்னு தெரியலக்கா," என்றாள் மடிப்புக்காரி. "அதான் உங்களை வந்து பாக்கவே வெக்கமா இருந்துச்சு. இத்தனை நாள் வராததுக்கும் அதான் காரணம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவள் அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது கோபம் இல்லை. முதுகிலிருந்து ஒரு ஈர மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. நான் அசரவில்லை. என் கையை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. அது வந்த பிறகு போகவில்லை.

"விடுமுறைக்கு முந்தின நாள் சாப்பாடு உண்டுல்ல?" என்று கேட்டாள்.

வருஷா வருஷம் அந்த நாளில் மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு, எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் கொண்டு வந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதலாளியும் வந்து நாலு நல்ல வார்த்தை பேசுவார். மிட்டாய் அவள் பொறுப்பு. அடுப்பு முன்னால் மணிக்கணக்காக நின்று பாலைக் கிளறிக் கிளறிச் செய்து கொண்டு போவாள்.

"உண்டுக்கா. வெள்ளிக்கிழமை."

"மிட்டாய் யாரு கொண்டு வர்றா?"

"யாரு கொண்டு வருவா? கடையில வாங்கிக்கலாம்னு பேச்சு."

"வாங்காதீங்க. நான் வர்றேன்."

மடிப்புக்காரி போனதும் நாத்தனார் கத்தியோடு வந்து வாசலில் நின்றாள். "அடியே, நான் சொன்னது என்ன? அடுப்பைத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"அப்புறம் எப்படிப் பண்ணுவ? மந்திரம் போட்டா?"

"மந்திரம் இல்ல அண்ணி. பிஸ்கட்டு."

புதன்கிழமை அவளே கையைத் துண்டால் மூடிக்கொண்டு கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். சாதாரண இனிப்பு பிஸ்கட், பால் பவுடர், டப்பாவில் வரும் கெட்டிப் பால், வறுத்து உரித்த கடலை, பேரீச்சம்பழம், உலர்ந்த தேங்காய்த்தூள், கருப்புச் சாக்லேட் கட்டிகள், கொஞ்சம் வெண்ணெய். வியாழக்கிழமை காலையில் தரையில் பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்தாள். நாத்தனார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தொடக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

பிஸ்கட்டைச் சுத்தமான தலையணை உறைக்குள் போட்டு, வாயை முடிந்து, மேலே ஒரு கண்ணாடிப் பாட்டிலை உருட்டினாள். இடது உள்ளங்கை ஒரு முனையில், வலது முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி மறு முனையில். முதலில் பாட்டில் ஓடி ஓடிப் போயிற்று. பிறகு பிடிபட்டது. நறநறவென்று இருந்த சத்தம் குறைந்து குறைந்து மணல் மாதிரி ஆயிற்று. கெட்டிப் பால் டப்பாவைத் திறப்பதுதான் பெரும் பாடு. முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திறப்பானை அழுத்தினாள். டப்பா நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"குடேன்டி, திறந்து தர்றேன்!" நாத்தனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க அண்ணி."

"பாக்க முடியலடி என்னால."

"அப்ப ஜன்னலைப் பாருங்க."

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். ஆனால் காது இங்கேதான் இருந்தது. டப்பா டொப்பென்று திறந்ததும், "திறந்துடுச்சா?" என்று திரும்பினாள். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம்.

சாக்லேட்டை உருக்க அடுப்பு வேண்டுமே என்று நாத்தனார் காத்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் ஏறியதும் அவள் கட்டிகளை உடைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, எறும்பு வராமல் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைத்து, கண்ணாடி மூடியால் மூடி, பின்பக்கம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்த தகரக் கூரையின்மேல் கொண்டுபோய் வைத்தாள். மழை விட்ட பிறகு வெயில் அந்தத் தகரத்தைத்தான் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இருவரும் போய்ப் பார்த்தார்கள்.

"அப்படியே கட்டியாத்தான் இருக்கு. நான்தான் சொன்னேனே," என்றாள் நாத்தனார்.

அவள் மூடியை எடுத்து ஒரு கரண்டியை உள்ளே விட்டாள். கட்டி மாதிரி இருந்தது தொட்டதும் தளர்ந்து, கரண்டியோடு சேர்ந்து வழவழவென்று சுழன்றது.

"அடிப்பாவி," என்று நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிஸ்கட் தூள், பால் பவுடர், கடலை, நறுக்கிய பேரீச்சம்பழம், வெண்ணெய், எல்லாம் ஒரு பெரிய பாத்திரத்தில். மேலே கெட்டிப் பாலை நூல் நூலாக விட்டாள். இனிப் பிசைய வேண்டும். இடது கையால் கொஞ்ச நேரம் முயன்றாள். பாத்திரம் கூடவே சுற்றியது. ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு துண்டை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, வலது கையில் வெண்ணெயைத் தடவி, பாத்திரத்துக்குள் விட்டாள்.

வலித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். அதை அவள் அலமாரிக்கு மேலே எறிந்து ரொம்ப நாளாயிற்று. பந்தை அமுக்கி யாருக்கு என்ன லாபம்? இது அப்படியில்லை. அமுக்க அமுக்க மாவு சேர்ந்து வந்தது. மடங்கிய விரல்களுக்குள் மாவு புகுந்து அவற்றைக் கொஞ்சம் தள்ளியது. "சனியனே, திறந்து தொலை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களைத் திட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நாத்தனார் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் செய்த பெரிய உதவி அதுதான்.

உருண்டை பிடிக்கப் பார்த்தால் அந்தக் கையால் உருட்ட முடியவில்லை. ஆனால் மடங்கி நின்ற விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு குழி இருந்தது. அதில் ஒரு கொத்து மாவை வைத்து இடது கட்டை விரலால் அழுத்தினாள். வெளியே எடுத்தபோது சிப்பி மாதிரி ஒன்று வந்தது, மேலே மூன்று விரல் தடங்களோடு. அடுத்ததும் அப்படியே வந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வேகம் பிடித்தாள். ஒவ்வொன்றின் பாதியையும் சாக்லேட்டில் முக்கி, தேங்காய்த்தூளில் புரட்டித் தட்டில் அடுக்கினாள். தட்டுகள் நிறைந்ததும் ஃப்ரிட்ஜில் இருந்த காய்கறியை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுத் தட்டுகளை உள்ளே தள்ளினாள்.

சாயங்காலம் வேனை விட்டுவிட்டு அவர் வந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து, வெளியே கிடந்த காய்கறியைப் பார்த்து, ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"என்ன இது?"

"நாளைக்கு மிட்டாய்," என்றாள் அவள். "நான் வர்றேன்."

"எங்க? அங்கயா? எதுக்கு இப்ப? எல்லாரும் கையைப் பாத்துப் பாவப்படுவாங்க. நீயே சங்கடப்படுவ. நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"கம்பி கட்டியிருந்துச்சா?"

அவர் ஃப்ரிட்ஜின் கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே இருந்த விளக்கு வெளிச்சம் அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தது.

"நான் கேக்கறது காதுல விழுதா? கட்டியிருந்துச்சா?"

"யாரு சொன்னா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் கதவை மூடினார். "இங்க பாரு. அன்னிக்கு நீ ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாம கெடந்த. முதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. ரெண்டு பேருக்கும் சேத்து வேலை போனா என்னப்பா பண்ணுவ, வேனையாவது காப்பாத்திக்கன்னாரு. எனக்கு வேற என்ன தோணும்? உனக்காகத்தான் சொன்னேன். நமக்காகத்தான்."

"என்கிட்டயும் ஏன் அதையே சொன்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. சண்டையில்கூடச் சொன்னதில்லை.

"முதலாளிக்குப் பயந்து ஆபீஸ்காரன்கிட்ட சொன்ன, சரி. வீட்டுக்குள்ள எனக்கு எதுக்குச் சொன்ன? நான் நாள் பூரா உக்காந்து என் கையை நானே திட்டிக்கிட்டு இருந்தேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்த? பக்கத்துல படுத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"உனக்குத் தெரிஞ்சா நீ சும்மா இருக்க மாட்டேன்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

நாத்தனார் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் அவருக்குப் போட்ட சாப்பாட்டுத் தட்டு. "டேய் தம்பி," என்றாள் மெதுவாக. "சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் இவ கவனமில்லாம கையை விட்டுட்டான்னு நான்தானடா சொல்லிக்கிட்டு வந்தேன். உன் வாயால கேட்டதைத்தானடா சொன்னேன். என்னையும் சேத்துப் பொய் பேச வச்சுட்டியேடா." தட்டை அவர் முன்னால் வைக்கவில்லை. மேஜையின் கோடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எட்டி எடுத்துக்கொள்ள வேண்டிய தூரம். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் அவர் வழக்கம்போல விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார். உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கிளம்பினாள். நாத்தனார் இரண்டு தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றாள்.

"நீங்க எதுக்கு அண்ணி?"

"மிட்டாயை நீ குடு. தட்டைத் தூக்கறதுல உனக்கு என்னடி ரோஷம்? பஸ்ஸுல நீ எதைப் புடிச்சுக்கிட்டு நிப்ப?"

இருவரும் போனார்கள். துண்டு வீட்டிலேயே கிடந்தது.

சலவைக்கூடத்தில் மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். உருளையின் சூடு மட்டும் காற்றில் இருந்தது. வாசல் தாண்டும்போது அவள் நின்றுவிட்டாள். சோப்பும் ஆவியும் கலந்த அந்த வாசனை நேராகக் கைக்குள் போய் வலித்தது. நாத்தனார் பின்னாலிருந்து தட்டின் விளிம்பால் அவள் முதுகை லேசாக முட்டினாள். "நட."

மடிக்கிற மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஒரு பழைய விரிப்பை விரித்து, சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் "எக்ஸ்பிரஸ்!" என்று ஒருத்தி கத்தினாள். பிறகு எல்லோர் கண்ணும் அவள் கைக்குப் போய், அங்கிருந்து அவசரமாக வேறு எங்கோ போயிற்று.

அவள் தட்டைத் திறந்தாள். வலது கையின் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு மிட்டாயை எடுத்து, மடிப்புக்காரியின் முன்னால் நீட்டினாள். தட்டை நீட்டவில்லை, கையைத்தான் நீட்டினாள். மடிப்புக்காரி உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டு, அந்தக் கையை ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டாள். அடுத்து துவைக்கிறவர்கள், பிழிகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். ஒவ்வொருவரும் அந்தக் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. ஒரு பெண் கையைத் தொட்டதும் அழுதுவிட்டாள். "அழுதா மிட்டாய் உப்புக் கரிக்கும்" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது.

"மேல என்னக்கா கோடு கோடா இருக்கு?" என்று கேட்டாள் புதுப் பெண். ஒல்லியாக, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"என் விரல். இந்தக் கையிலதான் புடிச்சேன்."

புதுப் பெண் கடித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். "அடுப்புல வச்சுக் கிளறுனீங்களா?"

"அடுப்பே பத்த வைக்கல."

முதலாளி வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரை நினைவு வைத்துக் கேட்பவர். "வாம்மா, வா. கை இப்ப எப்படி இருக்கு? வந்தது ரொம்ப சந்தோஷம்" என்றார். அவள் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாள். அவர் கை பாதியில் தயங்கி, பிறகு ஒரு காகிதத்தை விரித்து அதில் வாங்கிக்கொண்டது.

"சாப்பிடுங்க முதலாளி."

"அப்புறம் சாப்பிடறேன்மா."

"உருளையில கம்பியை மறுபடியும் கட்டியிருக்கு," என்றாள் அவள். அதே குரலில், மிட்டாயைப் பற்றிப் பேசுவது போலவே சொன்னாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேன் ஓட்டுகிறவர் வாசல் பக்கம் தூணோடு நின்றிருந்தார். அவர் கையில் இன்னும் மிட்டாய் இல்லை.

"அது ஒண்ணுமில்லம்மா," என்றார் முதலாளி. "இந்த வாரம் வேலை கொஞ்சம் அதிகம். விடுமுறை முடிஞ்சதும் மெக்கானிக் வந்து சரி பண்ணிடுவான்."

"அன்னிக்கும் வேலை அதிகம்தான். அன்னிக்கும் கட்டியிருந்துச்சு."

"அதை விசாரிச்சு முடிச்சாச்சேம்மா. உனக்கே ஞாபகம் இல்லைன்னு சொன்ன." அவர் வாசல் பக்கம் திரும்பினார். "வேன்காரரே, வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. ரொம்ப அலுத்துப்போயிருக்காங்க. வேன்லயே கூட்டிட்டுப் போங்க, பரவாயில்ல."

அவர் தூணை விட்டு வந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் நகரவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"கட்டியிருந்துச்சு முதலாளி," என்றார் அவர்.

"என்ன?"

"அன்னிக்குக் காலையில மூட்டை ஏத்த வந்தப்ப நான் பாத்தேன். கட்டியிருந்துச்சு. ஆபீஸ்காரர்கிட்ட நான்தான் மாத்திச் சொன்னேன். நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

"யோசிச்சுப் பேசுங்க."

"அன்னிலேர்ந்து யோசிக்கறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணல, முதலாளி."

அவள் உருளையை நோக்கி நடந்தாள். இரும்பின் அனல் முகத்தில் அடித்தது. கால் ஒரு முறை பின்வாங்கப் பார்த்தது. அவள் விடவில்லை. கிழிந்த விரிப்பிலிருந்து எடுத்த துணிப்பட்டை, ஆவியில் நனைந்து நனைந்து காய்ந்து கட்டையாகியிருந்தது. இடது கையால் முடிச்சைப் பிடித்து, வலது கையின் இரண்டு விரல்களால் நெம்பினாள். மடிப்புக்காரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நாத்தனார் அவளைத் தடுத்து நிறுத்தினாள். "விடும்மா. அவளே அவுப்பா."

நேரம் ஆயிற்று. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டாச்சுன்னா மெஷினைப் போடுங்க," என்றார் பொதுவாக. யாரும் அசையவில்லை.

"அதை அவுக்காம நான் விரிப்புக் குடுக்க மாட்டேன்," என்றாள் புதுப் பெண். சொல்லிவிட்டு, தானா பேசியது என்பது போலச் சுற்றிலும் பார்த்தாள்.

"அவ குடுக்காம நான் எதை மடிக்கறது?" என்று மடிப்புக்காரி மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள். அவளைத் தொடர்ந்து துவைக்கிறவர்களும் உட்கார்ந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டைகள் மேலேயே சாய்ந்துகொண்டார்கள்.

முடிச்சு முதலில் கொஞ்சம் இளகியது. பிறகு ஒரு வளையம் கழன்றது. பிறகு பட்டை மொத்தமும் அவள் கையோடு வந்தது. கம்பி டணாரென்று தன் இடத்தில் விழுந்தது. புதுப் பெண் போய் மெஷினைப் போட்டாள். உருளை சுற்ற ஆரம்பித்ததும் முழங்கையால் கம்பியைத் தொட்டாள். உருளை நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி தொட்டாள், மறுபடி நின்றது. ஒருத்தி "நான், நான்" என்று ஓடி வந்து தொட்டாள். அப்புறம் எல்லோரும் முறை போட்டுக்கொண்டு வந்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"விடுமுறை முடிஞ்சதும் ஆபீஸுக்கு எல்லாரும் சேந்து போறோம்," என்றாள் மடிப்புக்காரி, முதலாளி காதில் விழும்படி. "இந்தத் தடவை எங்களையும் கேக்கட்டும்."

முதலாளி காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். மிட்டாய் அதற்குள்ளேயே இருந்தது. "வேன் சாவியை வச்சுட்டுப் போங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார்.

மூன்று பேரும் வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. நாத்தனார் காலித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். வேண்டுமென்றேதான் அப்படிப் போனாள் என்பது நடையிலேயே தெரிந்தது. அவர் அவளுக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு அடி தள்ளி நடந்தார். வேன் இல்லாமல் அந்தத் தெருவில் நடந்து அவருக்குப் பழக்கமில்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விடுவதும் எடுப்பதுமாக வந்தார்.

"எனக்கு மட்டும் மிட்டாய் குடுக்கல," என்றார் கடைசியில்.

"தீந்துபோச்சு."

அவர் மறுபடி கைகளைப் பாக்கெட்டில் விட்டார்.

"நாளைக்குக் கொஞ்சம் பண்றியா?"

அவள் நின்றாள். அவரை நேராகப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் கொஞ்சம்கூடக் குறைந்திருக்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னாள்.

"நீ பண்ணு. அடுப்புகூட வேணாம். உனக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்கே."